1.024 இல நிண்டுட்டுது: கொக்குவில் வெக்கையில பேல் ஏல் பியர், இனி என்ன செய்ய?

கொக்குவிலான் · திங்கள், இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அண்ணை போன மாசம் லண்டனால வரேக்க ஒரு பெட்டி கொண்டுவந்தவர். உலர் மோல்ட் மா (முளைவிட்ட பார்லியில எடுத்தது) 1.4 கிலோ, பியருக்குக் கசப்புத் தாற காஸ்கேட் ஹொப்ஸ் உருண்டை, யூஎஸ்-05 எண்ட மதுவம் (ஈஸ்ட்) ஒரு பைக்கற், சின்னச் சின்னச் சாமான்கள் கொஞ்சம். அவர் அங்க 15 வருசமாக் கராஜுக்குள்ள பேல் ஏல் காய்ச்சுறவர். "செய்து பார், ஒண்டும் பெரிய வேலை இல்லை" எண்டு சொல்லிப்போட்டு பிளேன் ஏறிட்டார்.

கோயில் அன்னதானத்துக்குக் குடுக்கிற கிடாரத்தில 10 லீற்றர் கணக்கில காய்ச்சினன். ஒரு மணித்தியாலம் கொதி. ஆறவைக்கிறதுதான் பெரும்பாடு. கிணத்துத் தண்ணியே 29 பாகையில நிக்குது, அதுக்குள்ள கிடாரத்தை வைச்சு என்ன ஆறும்? மீனுக்குப் போடுற ஐஸ்கட்டி பாதி வாங்கியந்து சுத்திவரப் போட்டும் 31 க்குக் கீழ இறங்கேல்ல. அதோட மதுவத்தைப் போட்டிட்டன்.

சீனி அளக்கிற றிஃப்ராக்டோமீற்றரில ஒரு துளி விட்டுப் பாக்க 12.4 பிறிக்ஸ், அதாவது சீனி வீதம். அட்டவணைப்படி அடர்த்தி 1.050 (வெறும் தண்ணி 1.000). அண்ணை தந்த துண்டுக் கடதாசியில எழுதியிருந்ததும் அதுதான்.

இரவு எட்டு மணிக்குக் கானை மூடினன். விடிய அஞ்சு மணிக்கு மனிசி எழுப்பிக் கேக்கிறா, குசினிக்குள்ள ஆர் கொப்பளிக்கிறது எண்டு. அப்பிடி ஒரு கொதி. கானில ஒட்டின வெப்பமானி 34 காட்டினது. மூண்டாம் நாள் சத்தம் நிண்டுது. அஞ்சாம் நாள் பாத்தன், 6.0 பிறிக்ஸ். இண்டைக்கு எட்டாம் நாள், அதே 6.0. அட்டவணையில 1.024. துண்டில 1.011 க்கு வரவேணும் எண்டு கிடக்கு.

நகப்பொலிஷ் மாதிரி ஒரு வாசம் லேசா இருக்கு. நாக்கில இனிப்பு எண்டு சொல்ல ஏலாது, காய்ஞ்ச கசப்புத்தான்.

இன்னொருக்கா மதுவம் போடட்டோ? சீனி கொஞ்சம் போட்டு எழுப்பிவிடட்டோ? இல்லாட்டி வாழைக்கு ஊத்தட்டோ?

---

பனங்காட்டுப் பெடியன் · திங்கள், இரவு 9.58

நடந்து போற தூரத்தில கள்ளுத் தவறணை. அதை விட்டிட்டு ஐஸ்கட்டி வாங்கிக் கிடாரத்தைக் குளிப்பாட்டியிருக்கிறார். அண்ணை, உங்களுக்குப் பொழுது போகேல்லை எண்டால் சொல்லுங்கோ, எங்கட வளவில புல்லுப் பிடுங்கக் கிடக்கு.

பகிடி விடுறன். பாணுக்குப் போடுற ஈஸ்ட் கடையில கிடக்குத்தானே, ஒரு கரண்டி போட்டுப் பாருங்கோவன்.

---

ஸ்காபரோச் சின்னவன் · திங்கள், இரவு 10.21

பாண் ஈஸ்ட் போடாதேங்கோ! அதுவும் நொதிக்கும், ஆனால் அடியில படியாது, பாண் வாசம் போகாது.

எனக்கும் ரெண்டுதரம் இப்பிடி இடையில நிண்டது. மதுவம் களைச்சுப்போய் அடியில கிடக்கும். கானை மெல்ல ஆட்டி மண்டியைக் கிளப்பிவிடுங்கோ, காத்துப் போகாமல். ரெண்டு மூண்டு பாகை சூடு கூட்டினால் திரும்ப எழும்பும். அதுக்கும் அசையாட்டி புது மதுவம், இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு விடுங்கோ. மோல்ட் மாவில நொதிக்காத வெல்லம் கொஞ்சம் இருக்கும், 1.020 வரைக்கும் நிக்கிறது புதினம் இல்லை.

---

கொக்குவிலான் · திங்கள், இரவு 10.30

சூடு கூட்டவோ? அறையே 32 இல கிடக்கு தம்பி. இதுக்கு மேல கூட்டுறதெண்டால் வெயிலுக்க வைக்க வேணும்.

---

இழைக் காவல் (மட்டுறுத்துநர்) · திங்கள், இரவு 10.47

ஒரு குறிப்பு. இலங்கையில அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது வடிக்கிறதும் காய்ச்சுறதும் மதுவரிக் கட்டளைச்சட்டப்படி குற்றம். 1912 இல வந்த சட்டம், வீட்டுக் குசினிக்கு விலக்கு இல்லை. பிரித்தானியாவில 1963 இலயே வீட்டுப் பாவனைக்கு அனுமதி தேவையில்லை எண்டு ஆக்கிட்டினம். அங்க இருக்கிற ஆக்கள் எழுதுறதை வாசிச்சிட்டு இங்க இருக்கிற ஆக்கள் எல்லாம் பானை ஏத்தவேண்டாம். இழையைப் பூட்டேல்லை, அளவை பற்றின கதை பிரயோசனமா இருக்கு. எங்க வாங்கலாம், விக்கலாம் எண்டு ஆரும் எழுதினால் அழிப்பன்.

---

கொக்குவிலான் · திங்கள், இரவு 10.55

விளங்குது. இதுதான் முதலும் கடைசியும் எண்டு வீட்டில சத்தியம் பண்ணியாச்சு. தொடங்கினதை ஒழுங்கா முடிக்கத்தான் கேக்கிறன்.

---

ஈஸ்ட்ஹாம் அக்கா · செவ்வாய், அதிகாலை 3.12

இங்க இப்பதான் வேலை முடிஞ்சு வந்தனான். தம்பி, கானை ஆட்டாதேங்கோ, சீனி போடாதேங்கோ, ஒண்டும் செய்யாதேங்கோ.

உங்கட பதிவில ரெண்டு வசனம் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்குது. 1.024 எண்டுறீங்கள், இனிப்பில்லை எண்டுறீங்கள். உண்மையிலயே 1.024 இல நிண்ட பியர் எண்டால் குடிக்கேக்க சோடா மாதிரி இனிக்கும், தொண்டையில ஒட்டும். உங்கட நாக்குச் சரி, உங்கட கருவிதான் பிழை.

ரெண்டுதரமும் றிஃப்ராக்டோமீற்றராலதான் பாத்தனீங்கள், என்ன? மதுவம் போட முதல் அது நல்ல கருவி. நொதிக்கத் தொடங்கினாப் பிறகு அது காட்டுறதை அப்பிடியே அட்டவணையில போட்டுப் பாக்கக்கூடாது. அது ஒளி எவ்வளவு முறியுது எண்டு பாத்து, "உள்ளுக்கிருக்கிறது சீனியும் தண்ணியும் மட்டும்தான்" எண்டு நினைச்சு ஒரு இலக்கம் சொல்லுது. இப்ப உள்ளுக்க அற்ககோலும் கிடக்கு. அற்ககோலும் தண்ணியை விடக் கூட முறிக்கும். அதையும் சேத்துச் சீனி எண்டு கணக்குக் காட்டுது.

திருத்தக் கணக்கில உங்கட தொடக்கம் 12.4, இப்ப 6.0 எண்டு போட்டால் எனக்கு 1.011 கிட்ட வருது. அதாவது முடிஞ்சுது.

நான் முதல் வருசம் இதே பிழையை விட்டு, நிண்டுட்டுது எண்டு நினைச்சு அரைக்கிலோ சீனி கொட்டினனான். அதைக் குடிச்ச என்ர மச்சான் இண்டைக்கும் பியர் எண்டால் ஓடுவார்.

அண்ணையின்ர பெட்டிக்குள்ள கண்ணாடிக் குழாய் மாதிரி ஒண்டு, அடியில பாரம், மேல மெல்லிய தண்டு, அப்பிடி ஏதும் கிடக்கோ பாருங்கோ.

---

கொக்குவிலான் · செவ்வாய், காலை 7.05

அக்கா, கிடக்கு! ஸ்பொஞ்சில சுத்திக் கிடந்தது, நான் வெப்பமானி எண்டு நினைச்சு எடுத்து வைச்சிட்டன்.

இப்பதான் மிதக்கவிட்டன். 1.008 காட்டுது.

இப்ப என்னட்ட மூண்டு இலக்கம் இருக்கு. 1.024, 1.011, 1.008. எதை நம்புறது?

---

பனங்காட்டுப் பெடியன் · செவ்வாய், காலை 7.11

நடுவில உள்ளதை நம்புங்கோ. மூண்டு பேர் சாட்சி சொன்னால் நடுவில நிக்கிறவன்தான் குறைய ஏசு வாங்குவான்.

---

பருத்தித்துறை மாஸ்டர் · செவ்வாய், காலை 9.30

பெடியன் விளையாட்டாகச் சொன்னாலும் விடை அதுதான். ஆனால் காரணத்தோடு தெரிந்துகொள்ள வேண்டும். 31 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன், பியர் காய்ச்சியதில்லை. நீங்கள் மிதக்கவிட்ட அந்த நீரமானி (ஹைட்ரோமீற்றர்) மட்டும் நன்றாகத் தெரியும்.

நீரமானி அளப்பது சாரடர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி. றிஃப்ராக்டோமீற்றர் அளப்பது முறிவுச் சுட்டி. வெல்லம் கரைந்தால் இரண்டும் கூடும். எதனோல் சேர்ந்தால் அடர்த்தி குறையும், முறிவுச் சுட்டியோ கூடும். நொதித்தல் நடக்க நடக்க இரண்டு கருவிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவது இதனால்தான். அக்கா சொன்னது முழுக்கச் சரி.

நீரமானியும் முழு உண்மை பேசவில்லை. அதன் காகிதத்தில் சின்ன எழுத்தில் 20 பாகை என்று போட்டிருக்கும், சிலதில் 15.5 இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பநிலைக்குத்தான் அளவுகோடு கீறியிருக்கிறார்கள். உங்கள் மாதிரி 31 பாகையில் இருக்கிறது. சூடானால் திரவம் விரியும், அடர்த்தி குறையும், நீரமானி இன்னும் கொஞ்சம் தாழும். 30, 31 பாகையில் ஏறக்குறைய இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும். புள்ளி என்று நான் சொல்வது 0.001 ஐ. 1.008 உடன் அதைக் கூட்டினால் 1.011 அளவில் வரும். 40 பாகையில் பார்த்தால் ஐந்தாறு புள்ளி ஓடிவிடும். கொதிக்கிற கிடாரத்தில் விட்டுப் பார்ப்பது வெறும் வேலை, கண்ணாடியும் வெடிக்கும்.

சொன்னதை நம்பாதீர்கள், சோதியுங்கள். பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி, அறைச் சூட்டில் மிதக்க விடுங்கள். 1.000 காட்டாது, 0.997 ஐச் சுற்றிக் காட்ட வேண்டும். பிறகு சீனி 25 கிராம், அதே தண்ணீர் 225 கிராம், இரண்டையும் தராசில் நிறுத்துக் கரையுங்கள். அது 10 பிறிக்ஸ். 20 பாகையில் 1.040, உங்கள் குசினியில் 1.037, 1.038.

பார்க்கும் முறையும் முக்கியம். மாதிரியில் காபனீரொட்சைட்டு இருந்தால் குமிழி தண்டில் ஒட்டி நீரமானியைத் தூக்கிவிடும். இரண்டு செம்புக்கு இடையே தேத்தண்ணி ஆத்துவது போல நாலைந்து தரம் ஆத்துங்கள். தண்டை மெல்லச் சுழற்றி விடுங்கள். கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து பிறையுருவின் (திரவ மட்டத்தின் வளைவு) அடிக்கோட்டை வாசியுங்கள், தண்டோடு ஏறி நிற்கிற விளிம்பை அல்ல.

இன்னொன்று. அந்த றிஃப்ராக்டோமீற்றரில் வெப்பத்தைத் தானாகத் திருத்தும் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 10 தொடக்கம் 30 பாகை வரைக்கும்தான் அது செல்லும். எங்கள் மத்தியானம் அந்த வரம்புக்கு வெளியே.

---

கொக்குவிலான் · செவ்வாய், மாலை 6.20

சேர், செய்தன்.

பற்றரித் தண்ணி: 0.997 கோட்டுக்குக் கொஞ்சம் மேல. சீனித் தண்ணி: 1.037. நீரமானி நல்ல பிள்ளை.

பேந்து பியரை ஆத்தினன். பின்னேரம் தேத்தண்ணி ஆத்துற அதே செம்பு, மனிசி பாத்துக்கொண்டு நிண்டவா, ஒண்டும் சொல்லேல்லை. முதல்தரம் விட்டோண்ண தண்டில முத்து முத்தாக் குமிழி ஒட்டி 1.011 காட்டினது. சுழட்டிவிட குமிழி கழண்டு மெல்லத் தாண்டு 1.008 இல வந்து நிண்டுது. காலமை ஆத்தாமலே 1.008 கண்டது என்னெண்டு தெரியேல்ல, செம்பில விட்டுக் கொஞ்ச நேரம் கிடந்து வாயு போயிருக்கும். சூட்டுக்குத் திருத்தினால் 1.011 எண்டு வைக்கிறன்.

1.050 இல இருந்து 1.011. 39 புள்ளி. 0.039 ஐ 131.25 ஆல பெருக்க அற்ககோல் 5.1 வீதம். துண்டில எழுதினதும் 5 தான்.

எட்டு நாளா நித்திரை இல்லாமல் கிடந்தது ஒரு இல்லாத வருத்தத்துக்கு.

---

ஸ்காபரோச் சின்னவன் · செவ்வாய், இரவு 8.02

நான் சொன்னதைக் கேட்டிருந்தால் நல்ல பியருக்குள்ள காத்தை அடிச்சிருப்பியள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. எனக்கு நிண்ட ரெண்டும் குளிர்காலக் கராஜ், 14 பாகை. அந்த மருந்தை உங்கட வீட்டுக்கு எழுதினது என்ர பிழை.

ஆனால் ஒண்டு: 10 லீற்றருக்கு மேல்தண்ணி விட்டு நிரப்பினனீங்களோ? சீனிப்பாகு அடியிலயும் தண்ணி மேலயும் நிக்கும். வடிவாக் கலக்காமல் மேலால எடுத்துப் பாத்தால் ஓஜி (தொடக்க அடர்த்தி) குறைஞ்சும், அடியால எடுத்தால் கூடியும் காட்டும். மோல்ட் மாவில செய்யேக்க ஓஜி கணக்கை விட மாறி வந்தால் அனேகமாக் கலக்காததுதான் காரணம்.

---

கொக்குவிலான் · செவ்வாய், இரவு 8.15

நாலு லீற்றர் விட்டன், மத்தால கடைஞ்சன். மோர் கடையிற மத்து. 1.4 கிலோவுக்கு 10 லீற்றரில 1.050, 1.051 தான் கணக்கும், அதால அது பிழைக்கேல்ல எண்டு நினைக்கிறன்.

---

பனங்காட்டுப் பெடியன் · புதன், காலை 6.50

எல்லாம் சரி, எனக்கு ஒரு சந்தேகம். நகப்பொலிஷ் வாசத்துக்குச் சூடுதான் காரணம் எண்டு சொல்லப்போறியள். எங்கட கள்ளு வெயிலுக்கை, மரத்தில, 33 இலயும் 34 இலயும்தான் நொதிக்குது. அதில ஏன் நகப்பொலிஷ் மணக்கிறேல்ல? உங்கட மதுவம் மட்டும் என்ன வெள்ளைக்காரப் பிள்ளையே, வெயில் படக்கூடாதோ?

---

ஈஸ்ட்ஹாம் அக்கா · புதன், மத்தியானம் 1.40

நல்ல கேள்வி. ஓம், அது வெள்ளைக்காரப் பிள்ளைதான். யூஎஸ்-05 பைக்கற்றில 18 தொடக்கம் 26 பாகை எண்டு போட்டிருக்கு. அதுக்கு மேல போனால் சாகாது, வெறி பிடிச்ச மாதிரி வேலை செய்யும். ரெண்டு நாளில முடிக்கும். அந்த அவசரத்தில வாசம் தாற எஸ்தர், பாரமான அற்ககோல் எல்லாம் விடும். நகப்பொலிஷ் வாசம் எதைல் அசற்றேற்று. அடுத்தநாள் தலையிடியும் கூட வரும்.

இன்னொண்டு, நொதிக்கிறதே சூடு கக்கும். அறை 31 எண்டால் கானுக்குள்ள 34. கொக்குவிலான் எழுதினதும் அதுதானே. முதல் மூண்டு நாளும்தான் வாசத்தைத் தீர்மானிக்கும், அதுக்குப் பிறகு குளிரவைச்சு பிரயோசனம் இல்லை.

கள்ளு வேற கதை. அதில ஒரு மதுவம் இல்லை, ஒரு ஊரே இருக்கு. காட்டு மதுவம், பக்ரீரியா, எல்லாம். அமிலமும் சேந்து வருது. நீங்கள் அதைக் காலமை இறக்கிப் பின்னேரத்துக்கிடையில குடிச்சு முடிச்சிடுவியள். கள்ளை மூண்டு கிழமை போத்தலில வைச்சுப் பாருங்கோ, வினாகிரிதான் கிடைக்கும். பியர் அந்த மூண்டு கிழமையும் தாண்டி நிக்கவேணும், அதுதான் ரெண்டுக்கும் வித்தியாசம்.

---

பேர்கன் மருமகன் · புதன், மாலை 4.05

நோர்வேயில இருந்து. வெயில் தாங்கிற மதுவம் வேணுமெண்டால் எங்கட பக்கம் வாங்கோ. கேட்டால் சிரிப்பீங்கள், உலகத்திலயே சூட்டுக்குப் பேர்போன பியர் மதுவம் இந்தக் குளிருக்குள்ளதான் இருக்கு.

க்வைக் எண்டு பேர். வொஸ் எண்ட ஊர் பேர்கனில இருந்து ரெயினில ஒண்டேகால் மணித்தியாலம். அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில தலைமுறை தலைமுறையா ஒரே மதுவத்தைக் காப்பாத்தி வந்திருக்கினம். காய்ச்சி முடியக் கானில கிடக்கிற மதுவத்தில மரவளையம் ஒண்டைத் தோய்ச்சுக் காயவைச்சு, அடுத்த தரம் அப்பிடியே உள்ளுக்க போடுறது. எங்கட அம்மம்மா உறைமோர் காப்பாத்தின மாதிரி. அதுகள் பியரைக் கனநேரம் ஆறவைக்காமல் 35, 40 பாகையிலயே மதுவம் போடும். அந்தச் சூட்டிலயும் நகப்பொலிஷ் வராது, லேசாத் தோடம்பழ வாசம் வரும். இப்ப வொஸ் க்வைக் உலர்த்தின பைக்கற்றாவும் வருது.

உங்கட கொக்குவில் குசினி அதுக்குச் சொர்க்கம்.

---

கொக்குவிலான் · புதன், மாலை 4.30

இதை அண்ணை பெட்டி கட்ட முதல் சொல்லியிருக்கக் கூடாதோ!

---

பனங்காட்டுப் பெடியன் · வெள்ளி, இரவு 7.45

பகிடி விட்ட பாவத்துக்குப் பரிகாரம் செய்தன். கொக்குவிலான் அண்ணையிட்ட நீரமானியை இரவல் வாங்கிக்கொண்டு போனன். கள்ளுச் சீவுற அண்ணை ஒருத்தர் எனக்குப் பழக்கம், அவரிட்ட அனுமதி கிடக்கு, விடிய ஆறரைக்கு மரத்தடியில நிண்டன்.

முதல் கருப்பணி, நொதிக்காத பதநீர். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினது. 1.049. சூட்டுக்குத் திருத்தினால் 1.051 வரும். நான் திரும்பத் திரும்பப் பாத்தன். உங்கட பெட்டி மோல்ட் போட்டு, ஐஸ்கட்டி வைச்சு, மத்தால கடைஞ்ச அதே இலக்கம், பனை சும்மா தருது!

பேந்து சுண்ணாம்பு பூசாத முட்டி. நுரை பொங்கி வழியுது, நீரமானியே தெரியேல்ல. மாஸ்டர் சொன்ன மாதிரி ஆத்தி ஆத்திக் கை நொந்துபோச்சு. மரத்தால இறக்கேக்கையே 1.031. இரவிரவா மரத்திலயே பாதி நொதிச்சிட்டுது. பதினொரு மணிக்கு 1.021. பின்னேரம் நாலுக்கு 1.012. அடுத்தநாள் காலமை 1.004, வாயில வைக்க ஏலாத புளி.

சீவுற அண்ணை நீரமானியைப் பாத்திட்டுச் சொன்னார், "உதென்னத்துக்குத் தம்பி? நுரை பெரிசா நிண்டால் இனிப்பு, சின்னனா உடைஞ்சால் வெறி, நுரையில்லாட்டிப் புளி." நான் இலக்கத்தையும் அவர் சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில எழுதிப் பாத்தன். ஒருக்காக்கூடப் பிழைக்கேல்லை.

---

பருத்தித்துறை மாஸ்டர் · சனி, காலை 8.10

பெடியா, நீ என்னிடம் படித்திருந்தால் செய்முறைப் பரீட்சையில் முழுப் புள்ளி.

ஒரு விளக்கம் மட்டும். சுண்ணாம்பு நீரைக் காரமாக்குகிறது, அந்தக் காரத்தில் மதுவம் பெருகாது. சுண்ணாம்பில்லாத முட்டியைக் கழுவாமல் திரும்பக் கட்டுவார்கள், பழைய மண்டியே அடுத்த நாளுக்கு விதை. நோர்வே மரவளையமும் எங்கள் முட்டியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

---

கொக்குவிலான் · சனி, காலை 9.00

அப்ப அடுத்தது போத்தலில அடைக்கிறது. செவ்வாய், புதன், இண்டைக்கு, மூண்டு நாளும் அதே 1.008, அதே 31 பாகை. அடைக்கலாமோ?

---

ஈஸ்ட்ஹாம் அக்கா · சனி, மாலை 5.25

மூண்டு நாள் ஒரே இலக்கம் எண்டால் அடைக்கலாம். குமிழி நிண்டுதோ எண்டு பாத்து அடைக்கிறதுதான் ஆபத்து. மூடியில எங்கயும் சின்ன நீக்கல் இருந்தால் வாயு அதால போகும், குமிழி வராது, உள்ளுக்க நொதிச்சுக்கொண்டே இருக்கும். ஒரு புள்ளி விழ, ஏறக்குறைய பியரின்ர அரைக் கனவளவு வாயு வரும். நாலு புள்ளி மிச்சம் இருக்கேக்க மூடி, மேல சீனியும் போட்டால், போத்தல் இல்லை, குண்டு. எனக்கு ரெண்டு வெடிச்சது. படிக்குக் கீழ இருந்த அலுமாரி. விடிய கதவில கண்ணாடித் துண்டு குத்திக்கொண்டு நிண்டுது, அதுக்கு முன்னாலதான் பிள்ளையின்ர சப்பாத்து வைக்கிறனாங்கள்.

சீனி அளவு: எங்கட புத்தகங்களில லீற்றருக்கு 6 கிராம் கிட்ட வரும். அது 20 பாகையில கிடந்த பியருக்கு. சூடான பியர் வாயுவைப் பிடிச்சு வைச்சிருக்காது, உங்கடது 34 வரை போனது, அதால 7 போடலாம். மண்டி போக 9 லீற்றர் வருமெண்டால் 63 கிராம். போத்தலுக்குப் போத்தல் கரண்டியால போடாதேங்கோ, சுடுதண்ணியில கரைச்சு முழுக்க ஒண்டாக் கலந்து பிறகு ஊத்துங்கோ.

சாராயப் போத்தில், தட்டையான போத்தில் வேண்டாம், அது அழுத்தம் தாங்காது. தடிச்ச பியர்ப் போத்தில், தகர மூடி. ஒண்டை மட்டும் பிளாஸ்ரிக் சோடாப் போத்திலில அடையுங்கோ. அதை அமத்திப் பாத்தால் மற்றதுகளின்ர நிலைமை தெரியும். கல்லு மாதிரி இறுகினால் குளிர்ப்பெட்டிக்குள்ள.

---

ஸ்காபரோச் சின்னவன் · சனி, இரவு 7.10

எறும்பையும் பழ ஈயையும் மறக்காதேங்கோ. கானின்ர மூடியில வாயு வெளிய போக வைக்கிற காத்துப்பூட்டில தண்ணி வெக்கையில வத்தும். வத்தினால் பழ ஈ உள்ளுக்க போகும், அதோட வினாகிரி. ரெண்டு நாளைக்கு ஒருக்காப் பாருங்கோ.

---

கொக்குவிலான் · மூண்டு கிழமை கழிச்சு, ஞாயிறு, இரவு 8.50

14 போத்தில், ஒரு சோடாப் போத்தில். வெடிக்கேல்ல. சோடாப் போத்தில் நாலாம் நாள் இறுகினது, பத்தாம் நாள் எல்லாத்தையும் குளிர்ப்பெட்டிக்கு மாத்தினன், வீட்டில மரக்கறி வைக்க இடமில்லை எண்டு ஒரு சின்னப் போர்.

இண்டைக்குத்தான் முதல் போத்தில். மூடி கழட்ட ஒரு சீறல். நுரை இரண்டு விரல் அளவுக்கு நிண்டுது. நிறம் பழம்புளித் தண்ணி மாதிரி, கொஞ்சம் கலங்கல். நகப்பொலிஷ் பாதிக்கு மேல அடங்கிப்போச்சு, ஆனால் முழுக்கப் போகேல்ல, தேடினால் பிடிபடும். அது என்ர 34 பாகை.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு ஒரு கிளாஸ் குடுத்தன். 40 வருசம் பனையோலைப் பிளாவில கள்ளுக் குடிச்ச மனிசன். மணந்தார், ஒரு மிடறு விழுங்கினார், கிளாஸைத் திண்ணையில வைச்சார். "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஏன் வேப்பம்பட்டை போட்டனி?"

பெடியன், நீரமானி திரும்பவும் உன்னட்டத்தான் கிடக்கு. அண்ணை ஆவணிக்கு வாறார், அதுக்கு முதல் கொண்டுவந்து தா.

---

பனங்காட்டுப் பெடியன் · ஞாயிறு, இரவு 9.02

சீவுற அண்ணை வைச்சிருக்கிறார். இப்ப ஒவ்வொரு மரமா அளக்கிறார். வடக்கு வேலிப் பனை மற்றதுகளை விட நாலு புள்ளி கூடவாம், "நான் முந்தியே சொன்னனான்" எண்டு நிக்கிறார்.